கணிதம் கற்பித்த குருவானவர்

ஆசிரியப் பணியும் இறைப்பணியே எனத் தம் வாழ்வால் காட்டியவர்களுள் ஒருவர் அருட்தந்தை சார்லஸ் இராசின், சே.ச. அவர்கள்.

1897-ஆம் ஆண்டு பிறந்த பிரெஞ்சு நாட்டவரான தந்தையவர்கள், இயேசு சபையில் சேர்ந்து குருவானார். பாரிஸ் நகரில் எலி கார்த்தான் என்னும் கணிதப் பேரறிஞரிடம் பயின்று, சார்புக் கொள்கை பற்றிய ஆய்வுக்காக 1934-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1937-இல் இந்தியா வந்து திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், 1939 முதல் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார்.

அந்நாளில் நம் கல்லூரிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வு முறையே செல்வாக்குப் பெற்றிருந்தது. கடினமான கணக்குகளை விரைவாகப் போடுபவனே கெட்டிக்காரன். தேர்வில் வெல்ல அது போதும். புதிய கணிதம் படைக்க அது போதாது. பிரான்சில் மலர்ந்துகொண்டிருந்த நவீன கணிதத்தை நன்கறிந்த தந்தையவர்கள், பாடத்திட்டத்தோடு நின்றுவிடவில்லை. விடையைவிட, அதற்கு அடிப்படையான கருத்தையே மாணவர் காணவேண்டுமென விரும்பினார். புதிய நூல்களைக் காட்டினார். தாமே படித்துத் தெளியப் பழக்கினார்.

அவர் சரளமாகப் பாடம் நடத்துபவர் அல்லர். அவர் வகுப்பைப் பின்தொடர்வது எளிதன்று என அவருடைய மாணவர்களே நினைவுகூர்ந்துள்ளனர். ஆயினும், ஆர்வமுள்ள மாணவரை அவர் கண்டுகொள்ளத் தவறியதில்லை. பட்டம் பெற்றதும் அரசுப் பதவியை நாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், 1945-இல் தோன்றிப் பம்பாயில் இயங்கிவந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லுமாறு அத்தகையோரை ஊக்கினார்.

அவ்வாறு 1953-இல் அங்குச் சேர்ந்தவர்கள் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும். 1965-இல் இருவரும் இணைந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இராகவன் நரசிம்மனும் தந்தையவர்களின் மாணவரே. 1989-இல் சேஷாத்ரி சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளியே பின்னர் சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்தது. விதைத்தவரோ அதைக் காணவில்லை. 1976-இலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறோம். இன்று என்ன புரிந்தது என்றும் கேட்போமா? தந்தை இராசின் அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.