3 பைசா இடுக்கி, 3 ரூபாய்க் கம்பளி: பிரேம்சந்தின் கதைகள் ஆழம் பெற்ற வரலாறு

புதுடெல்லி: இந்தி, உருது ஆகிய இரு மொழிகளிலும் நவீனச் சிறுகதைக்கு அடித்தளம் அமைத்தவர் முன்ஷி பிரேம்சந்த். சுமார் 300 சிறுகதைகளையும் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களையும் எழுதிய அவர், ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் தேதி, பிறந்த நாளன்று நாடெங்கும் நினைவுகூரப்படுகிறார். பெருந்துயரைச் சிறியதொரு பொருளில் வைத்துச் சொல்வது அவரது எழுத்தின் வலிமை. அத்தகைய பொருள்களின் விலையை அவர் தமது வாழ்விலேயே அறிந்திருந்தார்.

வாரணாசி அருகே உள்ள லம்ஹி கிராமத்தில் 1880-ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் தன்பத் ராய். தந்தை அஞ்சல் துறையில் குறைந்த ஊதியத்தில் பணிபுரிந்தவர். சிறுவனுக்கு ஏறத்தாழ 8 வயதாக இருந்தபோது தாய் மறைந்தார். பின்னர் மாற்றாந்தாய் வீட்டுக்கு வந்தார். 15 வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்ட தன்பத் ராய், 1897-இல் தந்தையையும் இழந்தார். குடும்பச் சுமை முழுவதும் மாணவராக இருந்த அவரது தோளில் விழுந்தது.

கையில் காசில்லாத ஒரு நாளில், தமது கணித விடைநூலை விற்பதற்காக அவர் பழைய புத்தகக் கடைக்குச் சென்றார். 2 ரூபாய்க்கு வாங்கிய அந்நூலுக்கு 1 ரூபாயே கிடைத்தது. அதே கடையில் எதிர்பாராமல் சந்தித்த தலைமையாசிரியர் ஒருவர், மாதம் 18 ரூபாய் ஊதியத்தில் ஆசிரியர் பணி அளித்தார். பின்னர் அரசுப் பள்ளி ஆசிரியராகவும் பள்ளிகளின் துணை ஆய்வாளராகவும் அவர் பணியாற்றினார்.

தீக்கிரையான முதல் தொகுப்பு

தொடக்கத்தில் 'நவாப் ராய்' என்ற புனைபெயரில் உருதுவில் எழுதினார். 1908-இல் வெளியான 'சோஸ்-ஏ-வதன்' சிறுகதைத் தொகுப்பின் முதல் கதை, உலகிலேயே விலைமதிப்பற்ற பொருளைத் தேடி அலையும் காதலனைப் பற்றியது. நாட்டுக்காகச் சிந்தப்பட்ட இறுதித் துளி இரத்தமே அப்பொருள் என்று கதை முடிகிறது. பழைய வீரக் கதைகளின் சாயலில், உணர்ச்சி உரத்து ஒலிக்கும் படைப்பு அது.

அத்தொகுப்பு ஆங்கிலேய அரசின் சினத்துக்கு ஆளானது. ஹமீர்பூர் மாவட்ட ஆட்சியர் அவரை வரவழைத்து விசாரித்தார். எஞ்சிய பிரதிகள் எரிக்கப்பட்டன. இனி எழுதும் எதையும் முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும் எனவும் உத்தரவிடப்பட்டது. அரசுப் பணியையும் எழுத்தையும் ஒருங்கே காத்துக்கொள்ள அவருக்குப் புதிய பெயர் தேவைப்பட்டது. கான்பூரிலிருந்து வெளிவந்த 'ஜமானா' இதழின் ஆசிரியர் தயா நாராயண் நிகம் 'பிரேம்சந்த்' என்ற பெயரைப் பரிந்துரைத்தார். 1910-இல் அப்பெயரில் முதல் கதை வெளியானது.

பெயரோடு கதைகளின் களமும் படிப்படியாக மாறியது. விலைமதிப்பற்ற பொருளைத் தேடிய எழுத்தாளர், விலை குறைந்த பொருள்களின் பக்கம் திரும்பினார்.

பொருளுக்குள் பொதிந்த துயரம்

'ஈத்கா' கதையில் பெற்றோரை இழந்த சிறுவன் ஹமீது, பண்டிகைச் சந்தைக்கு 3 பைசாவுடன் செல்கிறான். மற்றச் சிறுவர்கள் பொம்மையும் இனிப்பும் வாங்க, அவன் இரும்பு இடுக்கி வாங்கி வருகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுடுபடுவதை அவன் மறக்கவில்லை. தாயில்லாப் பிள்ளையின் ஏக்கத்தைப் பற்றி ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. இடுக்கியே அனைத்தையும் சொல்லிவிடுகிறது.

'பூஸ் கி ராத்' கதையின் உழவன் ஹல்கு, கம்பளி வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த 3 ரூபாயைக் கடனுக்குக் கொடுத்துவிடுகிறான். கடுங்குளிர் இரவில் நாயை அணைத்தபடி வயலைக் காவல் காக்கிறான். விலங்குகள் பயிரை மேய்வது தெரிந்தும் அவன் அவற்றை விரட்டிவிடவில்லை. விடிந்ததும், இனி குளிரில் இங்கே படுக்க வேண்டியதில்லை என்று மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சியே கதையின் மிகப் பெரிய சோகம்.

ஏழைகளை அவர் புனிதர்களாகவும் காட்டவில்லை. 'கஃபன்' கதையில், பேற்றுவலியில் இறந்த பெண்ணின் சவத்துணிக்காகத் திரட்டிய பணத்தில் மாமனாரும் கணவனும் குடித்துத் தீர்க்கின்றனர். தலித் பாத்திரங்களை இவ்வாறு சித்திரித்தது பிற்காலத்தில் தலித் எழுத்தாளர்கள் சிலரின் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

துறந்த வேலை, தொடர்ந்த வறுமை

1921-இல் கோரக்பூரில் மகாத்மா காந்தியின் உரையைக் கேட்ட சில நாட்களில் பிரேம்சந்த் அரசுப் பணியைத் துறந்தார். மனைவி சிவராணி தேவி அம்முடிவுக்குத் துணை நின்றார். பின்னர் தொடங்கிய சரஸ்வதி அச்சகமும் 'ஹன்ஸ்' இதழும் அவரைக் கடனிலேயே வைத்திருந்தன. அந்நெருக்கடியால் 1934-இல் பம்பாய் சென்று திரைப்படத்துக்குக் கதை எழுதினார். அத்துறை மனத்துக்கு ஒவ்வாததால் மறு ஆண்டே திரும்பினார்.

1936-இல் வெளியான 'கோதான்' நாவலின் நாயகன் ஹோரி, ஒரு பசுவுக்கு ஆசைப்பட்டு வாழ்நாள் முழுதும் கடனில் உழல்கிறான். அவன் உயிர் பிரியும் வேளையில், மனைவி தனியா கயிறு திரித்து ஈட்டிய 20 அணாவை, பசு தானத்துக்கு ஈடாகப் புரோகிதரின் கையில் வைக்கிறாள். அந்நாவல் வெளியான அதே ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி, 56-ஆம் வயதில் பிரேம்சந்த் காலமானார். 'மங்களசூத்திரம்' நாவல் முற்றுப்பெறாமல் நின்றது.

அவரது 'சேவாசதன்' நாவலைத் தழுவி, கே. சுப்ரமணியம் இயக்கத்தில் 1938-இல் 'சேவாசதனம்' தமிழ்த் திரைப்படம் வெளியானது. எம்.எஸ். சுப்புலட்சுமி திரையுலகில் அறிமுகமான படம் அது. 1977-இல் சத்யஜித் ராய், 'சத்ரஞ்ச் கே கிலாடி' கதையைப் படமாக்கினார்.

முதல் தொகுப்பு தீக்கிரையானபோது அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தால், ஹமீதின் இடுக்கியும் ஹல்குவின் கம்பளியும் நமக்குக் கிடைத்திருக்கமாட்டா.