தியாகி விசுவநாத தாஸ்

நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளி ஆண்டு விழாவும் பளபளக்கும் உடைகளுமே. அதே மேடையில் நின்று ஆங்கில ஆட்சியை எதிர்த்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

விசுவநாத தாஸ் 1886-ஆம் ஆண்டு சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் செய்த எளிய குலத்தில் பிறந்தார். வாழ்ந்தது மதுரையை அடுத்த திருமங்கலத்தில். இனிய குரல் அவரை நாடக மேடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அங்கும் சாதி அவரை விடவில்லை. முருகனாகத் தோன்றும்போது கைகூப்பிய கூட்டத்திலேயே, வேடம் கலைந்தபின் அவரைத் தாழ்வாக எண்ணியவர்களும் இருந்தனர். நடிகையர் சிலர் அவருடன் நடிக்கவே மறுத்தனர். அவரோ மேடையை விடவில்லை.

அந்நாளில் நாடகம் விடிய விடிய நடக்கும். செய்தித்தாள் படிக்கத் தெரியாத உழவரும் கூலியாட்களும் தாய்மார்களும் திரளாக வந்து அமர்வர். கதை எல்லோரும் அறிந்ததே. ஆகையால் நடுவில் ஒரு புதுப்பாட்டு நுழைந்தாலும் யாரும் குழம்புவதில்லை. வள்ளி தினைப்புனம் காக்கும் நாடகத்தில் அவர் வெள்ளைக் கொக்குகளைப் பற்றிப் பாடுவார். அந்தக் கொக்கு யார் என்பது கடைசி வரிசைக்கும் விளங்கும்! மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்களும், 1919-இல் நடந்த பஞ்சாப் படுகொலையின் துயரமும் அவர் குரலில் ஊர் ஊராகச் சென்றன.

அரசாங்கத்துக்கும் அது விளங்கிற்று. நாடகங்களைத் தடை செய்ய 1876-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. தாஸ் பலமுறை சிறை சென்றார். (ஒத்திகையில் இல்லாத வரியை நாம் பேசினால் ஆசிரியையிடம் திட்டு மட்டுமே கிடைக்கும்!) வெளியே வந்ததும் கதர் உடுத்தி, மீண்டும் அதே பாட்டைப் பாடினார். நடிகர் சிறையில் இருந்தால் வீட்டில் வருமானம் ஏது? கடன் ஏறியது. அவரைப் புகழ்வோர் அந்த வீட்டு அடுப்பை மறந்துவிடுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவருடைய பாட்டுக்கு அவர் குடும்பமும் விலை கொடுத்தது.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம். முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர், பாட்டின் நடுவிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 54. நாடு விடுதலை பெற இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன.