மேஜர் டக்ளஸ்: கணக்கேட்டிற் குறை கண்ட பொறியியலாளர்

பொருளியல் நூலோர் கூட்டத்திற் சேராத ஒருவர், அந்நூலோரை இருபது ஆண்டுக்காலம் தமக்கு மறுமொழி கூற வைத்தார். அவரே கிளிபர்ட் ஹியூ டக்ளஸ். 1879 சனவரி 20இல் இங்கிலாந்திற் பிறந்த அவர் தொழிலாற் பொறியியலாளர். முப்பது வயதைக் கடந்த பின்னரே கேம்பிரிட்ஜ் சென்று சில தவணைகள் பயின்று, பட்டம் பெறாமல் மீண்டார். முதலாம் உலகப் போரில் விமானப் படைப்பிரிவில் மேஜர் பதவி வகித்தமையால் உலகம் அவரை மேஜர் டக்ளஸ் என்றே அறியும்.

அவர் சிந்தனைக்கு வித்திட்ட நிலம் எமக்கு அயலதான இந்தியாவே. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியியலாளராக அங்கே பணியாற்றுகையில், நீர்வலுவால் மின்னாக்கத்தக்க இடங்களை ஆராய்ந்தார் என்பது அவர் தாமே பின்னாளிற் கூறிய வரலாறு. நீர் இருந்தது, வேலைக்கு ஆளும் இருந்தனர், இங்கிலாந்தின் தொழிற்சாலைகளோ இயந்திரங்களுக்குக் கட்டளை பெறாது வாடின. எனினும் பணம் இல்லை என்னும் ஒரே விடையால் வேலை நின்றது. சில ஆண்டுகளிற் போர் மூண்டபோது, இல்லையென்ற பணம் எங்கிருந்தோ வந்து குவிந்தது. அது எங்கிருந்து வந்தது என்னும் வினாவே டக்ளஸின் எஞ்சிய வாழ்நாளை ஆட்கொண்டது.

போர்க்காலத்திற் பார்ன்பரோ விமானத் தொழிற்சாலையின் கணக்குகளைச் சீர்செய்ய அனுப்பப்பட்ட அவர், அங்கு ஒரு புதுமையைக் கண்டார். வாரந்தோறும் ஆக்கப்பட்ட பொருள்களின் அடக்கவிலை, அவ்வாரம் கூலியாகவும் சம்பளமாகவும் வெளிச்சென்ற தொகையிலும் மிகுந்திருந்தது. ஊர்காவற்றுறையில் ஓர் ஓடாவியார் தோணி கட்டுகிறார் எனக் கொள்வோம். தோணியின் விலை 100 பங்கு. தொழிலாளர் கையிற் சேரும் கூலி 40. மரம், ஆணி, கயிறு, வங்கி வட்டி ஆகியவற்றுக்குச் செல்வது 60. எல்லாத் தொழில்களும் இவ்வாறே நடைபெறின், கூலி பெற்றோர் யாவரும் கூடியும் ஆக்கப்பட்ட பொருளனைத்தையும் வாங்கல் இயலாது என்பதே டக்ளஸின் தேற்றம். இடைவெளியை வங்கிகள் கடனால் நிரப்புகின்றன; கடன் வளர, நாடு வங்கிக்கு அடிமையாகிறது என்றார்.

இதற்கு அவர் கண்ட மருந்து இரண்டு. நாட்டின் உற்பத்தித் திறனை அளந்து, அதற்கேற்பக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தேசியப் பங்கிலாபம் வழங்குவது ஒன்று. விற்பனை விலையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, அதனை வணிகருக்கு ஈடுசெய்வது மற்றொன்று. இதுவே சமூகக் கடன் கொள்கை. கடன் என்று நாம் பெயர்க்கும் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் நம்பிக்கை. தமிழில் நாணயம் என்னும் ஒரு சொல்லே காசையும் நேர்மையையும் குறிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சமுதாய நாணயம் எனப் பெயர்த்திருப்பின் அது டக்ளஸின் கருத்துக்கு இன்னும் அணித்தாயிருக்கும்.

ஓரேஜ் என்னும் இதழாசிரியர் அவரை ஆதரித்தார். பொருளாதாரச் சனநாயகம் பற்றிய முதல் நூல் 1920இல் வெளிவந்தது. ஆனால் ஓரேஜின் பழைய தோழர்களும் தொழிற்கட்சியினரும் தொழில்களை அரசோ தொழிலாளரோ கட்டுப்படுத்த வேண்டும் என்னும் எண்ணத்தினர். டக்ளஸ் உடன்படவில்லை. யார் ஆளினும் கணக்கேடு பழையதாயின் வறுமையும் பழையதே என்பது அவர் முடிபு. தொழிற்கட்சி 1922இல் அவர் திட்டத்தை நிராகரித்தது.

இவ்வேறுபாட்டை எமது தீவகத்தார் எளிதில் உணர்வர். வேலணையிலும் புங்குடுதீவிலும் இருந்து தென்னிலங்கை சென்று கடை வைத்தோர் பலர். கூலி வராத மாதத்தில், விலைப்பட்டியலை எத்துணை ஒழுங்காகத் தொங்கவிட்டாலும் கடன் கொப்பியே தடிக்கும் என்பதை அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் கட்டுப்பாடு எப்போதும் வீணென்று சொல்லவும் இயலாது. 1970களில் இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலைநிமிர்ந்தனர்; 2021இல் அரிசிக்கு உச்சவிலை விதிக்கப்பட்டபோதோ, சில வாரங்களுள் அவ்விதியே நீக்கப்பட்டது.

டக்ளஸின் தேற்றத்திலும் ஓட்டை உண்டு. மரத்துக்கும் ஆணிக்கும் கொடுத்த 60 பங்கும் மரம் அரிந்தவர்க்கும் ஆணி அடித்தவர்க்கும் முன்னரே கூலியாகச் சென்றதன்றோ? காலத்தால் முற்பட்ட கூலி முன்னரே செலவாகிவிட்டது என்று அவர் விடையிறுத்தார். அவ்விடை எனக்கு நிறைவளிப்பதில்லை. பொருள் பெருகாது பணம் பெருகின் நேர்வதை நாம் கண்ணாரக் கண்டோம். மத்திய வங்கி அரசுக்காகப் பெருந்தொகைப் பணத்தை ஆக்கியது. 2022 செப்டெம்பரிற் கொழும்பின் நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. அது உற்பத்தியை அளந்து வழங்கிய பணமன்று என்று டக்ளஸ் வாதிட்டிருப்பார். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயின் அளப்பவர் யார்?

இவ்வினா கனடாவின் அல்பேட்டா மாகாணத்திற் சோதனைக்கு வந்தது. கோதுமை விலை வீழ்ந்து உழவர் நலிந்த காலம் அது. கல்கரி நகரின் பாடசாலை அதிபரும் வானொலிச் சமயப் பிரசங்கியாருமான வில்லியம் அபர்ஹார்ட், டக்ளஸின் கொள்கையை ஞாயிறுதோறும் முழங்கினார். வளர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் என்பது வாக்குறுதி. 1935 ஆகத்து 22இல் 63 தொகுதிகளுள் 56ஐ அவர் கட்சி வென்றது. ஆசிரியர் ஒருவர் இவ்வளவு பெரிய வகுப்பைக் கவர்ந்தமை எம்மனோர்க்கு ஒருவகைப் பெருமையே!

பெருமை நீடிக்கவில்லை. முன்னைய அரசு டக்ளஸை ஆலோசகராக நியமித்திருந்தது. அபர்ஹார்ட் பழைய நெறியைச் சார்ந்த நிதியறிஞரை நாடவே, டக்ளஸ் 1936இல் விலகினார். மாணவரோ வேறு வழி சென்றார். வாரந்தோறும் முத்திரை ஒட்டவேண்டிய செழிப்புச் சான்றிதழ்களை வெளியிட்டார். வணிகருக்கு அனுமதிப்பத்திரமும் தொழில்களுக்கு விதிக்கோவையும் வகுத்தார். கணக்கேட்டைத் திருத்த வந்த இயக்கம், கட்டுப்பாட்டின் கையேட்டை எழுதத் தொடங்கியது. சொந்தக் கட்சியினரே கிளர்ந்தபின், 1937இல் வங்கிகளை அடக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. மத்திய அரசு அவற்றைச் செல்லாதாக்கியது. 1938இல் உயர்நீதிமன்றமும் வங்கித்துறை மாகாணத்துக்கு உரியதன்று எனத் தீர்த்தது.

டக்ளஸின் முதுமை இன்பமானதன்று. வங்கியாளர் சதி என்று தொடங்கிய பேச்சு, யூத இனத்தார்மீது பழிசுமத்தும் இழிவுக்கு இறங்கியது. கணக்கிற் குறை காணப் புகுந்தவர் ஓர் இனத்திற் குறை காண முற்பட்டமை மன்னிக்கத்தக்கதன்று. அவரை மதித்தோர் பலர் அதனாலேயே விலகினர். 1952 செப்டெம்பர் 29இல் ஸ்கொட்லாந்தின் பேர்ணன் என்னும் ஏரிக்கரை ஊரில் அவர் மறைந்தார்.

அல்பேட்டாவில் அவர் கொள்கையின் பெயர் தாங்கிய கட்சி 1971 வரை ஆண்டது. 1957இல் அவ்வரசு, தகுதியுடைய வளர்ந்தோர்க்கு ஆளுக்கு 20 டொலர் பங்கிலாபமாக வழங்கியது. மறு ஆண்டு அது பதினேழரை டொலராயிற்று. அப்பணம் புதிய கணக்கேட்டிற் பிறந்ததன்று. நிலத்தடி எண்ணெய்க்கு நிறுவனங்கள் செலுத்திய உரிமைத்தொகை.