எண்ணிப் பார்த்த அம்மையார்

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் ஊமத்தையின் வேர் நுனியை அமிலத்தில் மிருதுவாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி, நுண்நோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணினேன். நூல்கள் கூறும் எண் 24. எனக்கு 23 தான் கிடைத்தது. 24 என்றே எழுதிவிடலாமா என்று ஒரு கணம் மனம் சபலப்பட்டது. அப்போது நினைவுக்கு வந்தவர் ஜானகி அம்மாள்.

அம்மையார் 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மணவாழ்வை நாடாமல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று, 1931-ல் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாளில் பெண்ணுக்கு அது எளிய காரியமா?

1934-ல் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுச்செடி உண்டாக்கினார். பெண் என்பதாலும் பிறந்த சாதியாலும் அவர் பட்ட இன்னல்கள் பல. பின்னர் இங்கிலாந்து சென்றார். யுத்த காலத்தில் இலண்டனில் குண்டுகள் விழுந்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-ல் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

1951-ல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்க உழைத்தார். பிறகு ஜம்முவிலும், இறுதியில் சென்னையை அடுத்த மதுரவாயலிலும் பணிபுரிந்தார். ஊமத்தை, புதினா, காட்டு வள்ளிக்கிழங்கு முதலியவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே மூலிகையானாலும் குரோமோசோம் தொகுதி இரட்டித்தால் செடியின் உருவமும் மருந்துச் சத்தின் அளவும் மாறக்கூடும். எந்தச் செடியை எதனுடன் இணைக்கலாம் என்பதற்கும் அந்த எண்ணே வழிகாட்டி.

எண்பது வயதை எட்டிய பின்னும், அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைக்கட்டினின்று காக்கக் குரல் எழுப்பினார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984-ல் மறைந்தார்.

நான் 24 என்று எழுதவில்லை. வேறொரு வேர் நுனியை எடுத்து மறுபடி தொடங்கினேன். இம்முறை தெளிவாக 24. முதல் தகட்டில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். விடை ஒன்றுதான், ஆனால் முன்னது இரவல், பின்னது என் கண்ணால் கண்டது. இந்த வேற்றுமைக்காகவே அம்மையார் தம் ஆயுளைச் செலவிட்டார் என்று எண்ணுகிறேன்.