தோட்டத்து மருத்துவர் சுவாமி சிவானந்தர்



பற்றை விடு என்று பெரியோர் சொல்கின்றனர். விடுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று தோட்டத்துப் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று விடை கூறத் தெரியவில்லை. பின்னர் என் நினைவுக்கு வந்தவர் சுவாமி சிவானந்தர். ரிஷிகேசத்தில் புகழெய்திய அத்துறவி, ஒருகாலத்தில் நம் நாட்டு இரப்பர் தோட்டத்து மருத்துவர் என்பதைப் பலர் அறியார்.

பாய்க்குப் பெயர்பெற்ற நெல்லைச் சீமைப் பத்தமடையில் 8.9.1887இல் பிறந்தார். இயற்பெயர் குப்புசுவாமி. தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். கப்பலில் புலால் கலந்துவிடுமென அஞ்சி, அன்னையார் செய்தளித்த லட்டுகளையே உண்டு வந்தாராம். சிங்கப்பூரில் இறங்கியபோது பாதி உயிர்தான் இருந்தது. மருத்துவருக்கே இந்நிலை!

நெகிரி செம்பிலானில் ஒரு தோட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் பணியாற்றினார். அதன்பின் ஜொகூர் பாருவில் சில ஆண்டுகள். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பாட்டாளி மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ஏழைகளிடம் அவர் பணம் வாங்கவில்லை. தம் கைப்பணத்தையும் கொடுத்தனுப்பினார்.

ஆயினும் பிறவியிலேயே பற்றற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். உயர்ந்த ஆடைகளிலும், பொன், வெள்ளி, சந்தனப் பொருள்களிலும் அவருக்குப் பெருமோகம். கடைக்குச் சென்றால் விலை பேசமாட்டார். பல மோதிரங்களையும் சங்கிலிகளையும் ஒருசேர அணிந்து மகிழ்வார். இவற்றைப் பிற்காலத்தில் மறைக்காமல் அவரே எழுதினார். இதைப் படித்த பிறகே அவர்பால் என் மதிப்பு உயர்ந்தது.

நோயுற்ற துறவி ஒருவருக்கு மருத்துவம் பார்த்தபோது, அவர் ஒரு வேதாந்த நூலை அளித்தார். அது அவர் நெஞ்சைத் தைத்தது. உடலின் பிணி தீர்க்கலாம். பிறவிப் பிணிக்கு மருந்து எது? 1923இல் நல்ல சம்பளத்தையும் சேர்த்த பொருள்களையும் துறந்து தாயகம் திரும்பினார். பல தலங்களில் அலைந்து 1924இல் ரிஷிகேசம் சேர்ந்து, அவ்வாண்டு ஜூன் முதல் நாள் சுவாமி விசுவானந்தரிடம் துறவு பெற்றார். மோதிரங்கள் மின்னிய கைகள் அன்னசத்திரத்தில் ரொட்டிக்காக ஏந்தி நின்றன. இடிந்த குடிலில் தேள்களுக்கிடையே தவமிருந்தார்.

பொருளைத் துறந்தவர் மருத்துவத்தைத் துறக்கவில்லை. பழைய காப்புறுதிப் பணம் 1927இல் கைக்கு வந்தது. அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். நோயுற்ற சாதுக்களும், பத்ரிநாத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களும் அங்கே மருந்து பெற்றனர். அந்தப் பெற்றோரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த மருந்தகத்தைப் பற்றித்தான்.

1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். நூற்றுக்கணக்கான நூல்களை எழுதி, 14.7.1963இல் சமாதியடைந்தார்.

தோட்டங்களாக இருந்து நகரமாகிவிட்ட நம் ஷா ஆலத்திலிருந்து பத்துமலை அதிகத் தொலைவில்லை. அங்கே அச்சங்கத்தின் சிவானந்த ஆசிரமம் இருக்கிறது. தைப்பூசத்துக்குச் செல்லும்போது பிள்ளைகளை அங்கும் அழைத்துச் செல்லுங்கள்.