மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுக் கேட்ட கடலூர் அஞ்சலையம்மாள்

1937ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். சென்னை மாகாணம் முழுவதும் ஒரே தேர்தல் அமளி. மூலைக்கு மூலை பொதுக்கூட்டம், ஊர்வலம், தேசபக்திப் பாட்டு. தென் ஆற்காடு ஜில்லாவின் தலைநகரான கடலூரும் அமைதியாக இல்லை. அங்கே காங்கிரஸ் அபேட்சகராக நின்றவர் ஒரு பெண்மணி.

அவர் வக்கீல் அல்ல. ஜமீன் வீட்டுச் சீமாட்டியும் அல்ல. கடலூர் முதுநகரில் 1890ஆம் ஆண்டு ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சிறை மட்டும் அவருக்குப் பழகிப்போன இடம். அவர்தான் அஞ்சலையம்மாள்.

வீடு போயிற்று, நிலம் போயிற்று

அஞ்சலையம்மாளின் கணவர் முருகப்பா பத்திரிகை ஏஜெண்டாக இருந்தவர். பத்திரிகை வருகிற வீட்டில் நாட்டு நடப்பும் வருமல்லவா? 1921ஆம் ஆண்டு மகாத்மா காந்தியின் ஒத்துழையாமைப் போரில் தம்பதிகள் இருவரும் இறங்கினார்கள். தெருத் தெருவாகக் கதர் விற்றார்கள். போராட்டச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. குடும்ப நிலத்தை விற்றார்கள். பிறகு வீட்டையும் விற்றார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் இப்படிச் செய்யலாமா என்று ஊரில் நாலு பேர் நினைத்திருந்தால், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அம்மையார் பின்வாங்கவில்லை.

சென்னை மவுண்ட் ரோடில் அப்போது நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதியின் சிலை நின்றது. 1857ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கணக்கின்றி மக்களைத் தூக்கிலிட்டவன் அவன். சென்னைப் பட்டாளத்துக்காரன் என்பதால் சென்னையில் சிலை வைத்தார்கள். அதை அகற்ற வேண்டும் என்று 1927ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் நடந்தது. அஞ்சலையம்மாள் அதில் கலந்துகொண்டார். தனியாகப் போகவில்லை. ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துப் போனார். தாயும் மகளும் சிறை புகுந்தார்கள். அந்தச் சிறுமியைக் கண்டு காந்தியடிகள் உருகிப் போனார். அவளுக்கு லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார். லீலாவதி பின்னாளில் தேசபக்தர் ஜமதக்னியை மணந்தார். மார்க்ஸ் எழுதிய மூலதனம் நூலைத் தமிழில் பெயர்த்தவர் இந்த ஜமதக்னிதான்.

1930க்குப் பிறகு உப்புச் சத்தியாக்கிரகம், அந்நியத் துணி மறியல் என்று போராட்டம் தொடர்ந்தது. அந்த நாட்களில் அம்மையார் வேலூர்ச் சிறைக்குப் போனபோது நிறைமாத கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்கு முன்பே கைக்குழந்தையோடு மறுபடியும் சிறைக்குத் திரும்பினார். பெற்றவர் அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர் வைத்தார். பிறகு அது ஜெயவீரன் ஆயிற்று.

1934ஆம் ஆண்டு காந்தியடிகள் கடலூருக்கு வந்தார். அவரை அஞ்சலையம்மாள் சந்திக்கக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். முஸ்லிம் பெண்ணைப்போல் பர்தா அணிந்து, குதிரை வண்டியில் ஏறி, போலீசார் கண்ணெதிரேயே போய் மகாத்மாவைப் பார்த்துவிட்டார் அம்மையார். தென்னாட்டு ஜான்சி ராணி என்று காந்தியடிகள் அவரைப் பாராட்டினார். அந்தப் பட்டம் கடைசிவரை நிலைத்தது.

ஓட்டு யாருக்கு இருந்தது?

இப்படிப்பட்டவரைத்தான் 1937இல் காங்கிரஸ் கடலூரில் நிறுத்தியது. அந்தத் தேர்தல் இன்றைய தேர்தலைப் போன்றதல்ல. இன்று 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு உண்டு. அன்று அப்படியில்லை. வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு. சொத்து உள்ளவர்களுக்கு ஓட்டு. எழுதப் படிக்கத் தெரிந்ததை நிரூபித்தால் அவர்களுக்கும் ஓட்டு. குறிப்பிட்ட அளவு சொத்துள்ளவரின் மனைவி என்ற முறையிலும் சில பெண்கள் ஓட்டர் ஆனார்கள். சொத்தும் இல்லாத, கையெழுத்துப் போடவும் தெரியாத கூலிக்காரர் வீட்டில் பெரும்பாலும் யாருக்கும் ஓட்டு இல்லை. நாட்டில் பெரும்பாலோர் அந்த வீட்டுக்காரர்கள்தாம்.

சற்று யோசித்துப் பாருங்கள். நிலத்தையும் வீட்டையும் நாட்டுக்காக விற்றவர் அஞ்சலையம்மாள். சொத்து இருந்தால் ஓட்டு என்பது சட்டம்! அம்மையாரின் ஐந்தாம் வகுப்புப் படிப்பின் அருமை அந்த ஆண்டில்தான் தெரிந்திருக்கும்.

சென்னைச் சட்டசபையில் மொத்தம் 215 இடங்கள். அவற்றில் 8 இடங்கள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்றாலும், வீட்டை விட்டு வெளியே வந்து ஓட்டுச்சாவடிக்குப் போவது பல பெண்களுக்குப் புதுப் பழக்கம். ஓட்டர்களில் எழுத்தறியாதவர்களும் இருந்ததால் நிறப் பெட்டிகள் வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். மஞ்சள் பெட்டி என்ற சொல் அந்த ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் வாய்க்கு வாய் புழங்கியது. மஞ்சள் மங்கலமான நிறம். பெண்களிடம் அதை விளக்கிச் சொல்லச் சிரமமே இல்லை.

எதிரே நின்றது சாமானியக் கட்சி அல்ல. ஜஸ்டிஸ் கட்சி பல ஆண்டுகள் மாகாணத்தை ஆண்ட கட்சி. ராஜாக்களும் ஜமீன்தார்களும் அதில் இருந்தார்கள். காங்கிரஸ் பக்கம் சத்தியமூர்த்தி ஊர் ஊராகச் சுற்றினார். முந்தின ஆண்டு அக்டோபரில் ஜவஹர்லால் நேரு தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். கடலூரில் அஞ்சலையம்மாளை அறிமுகம் செய்து வைக்க ஆள் தேவைப்படவில்லை. கதர் விற்ற தெருக்களிலேதான் அவர் ஓட்டுக்கும் நிற்க வேண்டியிருந்தது.

ஓட்டுகளை எண்ணினார்கள். அஞ்சலையம்மாள் வெற்றி பெற்றார். மாகாணம் முழுவதும் காங்கிரசுக்கு 159 இடங்கள். ஜஸ்டிஸ் கட்சி மண்ணைக் கவ்வியது. முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜாவே தோற்றுப்போனார்! ஜூலை மாதம் ராஜாஜி மந்திரிசபை அமைத்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு காரியம் நடந்தது. மவுண்ட் ரோடில் நின்ற நீல் சிலையைப் பெயர்த்தெடுத்து மியூசியத்துக்குள் கொண்டு போய் வைத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அந்தச் சிலைக்காகப் பெண் குழந்தையோடு சிறைக்குப் போனவர், இப்போது ஆளுங்கட்சியின் சட்டசபை அங்கத்தினர்.

மந்திரிசபை நீடிக்கவில்லை. 1939இல் உலக யுத்தம் மூண்டது. இந்திய மக்களைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டது பிரிட்டிஷ் சர்க்கார். காங்கிரஸ் மந்திரிகள் ராஜினாமாச் செய்தார்கள். பிறகு வந்தது தனிநபர் சத்தியாக்கிரகம். சட்டசபை அங்கத்தினரான அஞ்சலையம்மாள் மறுபடியும் கைதியானார். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

1946ஆம் ஆண்டு மீண்டும் தேர்தல். மீண்டும் அம்மையார் சட்டசபைக்குப் போனார். நாடு சுதந்திரம் அடைந்ததும், தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியதும் அந்தச் சபை இருந்த காலத்தில்தான். அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரி. அவரும் தென் ஆற்காட்டுக்காரர். அந்தச் சபை 1952 வரை நடந்தது. 1952 தேர்தலில்தான் ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமின்றி வயது வந்த அனைவரும் ஓட்டுப் போட்டார்கள்.

தண்ணீர் கொண்டு வந்தவர்

சட்டசபையில் நீண்ட பிரசங்கம் செய்து புகழ் பெற்றவர்கள் பலர். அஞ்சலையம்மாளை அவர் வட்டாரத்தில் நினைக்கச் செய்தது தண்ணீர். சிதம்பரத்தை அடுத்துள்ள தீர்த்தாம்பாளையம் பகுதி மக்கள் குடிநீருக்குத் தவித்தார்கள். பெயரிலே தீர்த்தம்; குடத்திலே தண்ணீர் இல்லை. குடம் தூக்குகிற வேலை பெண்களுடையது. அந்த வேதனை ஆண் அங்கத்தினர்களைவிட அவருக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கும் வீராணம் ஏரி சோழர் காலத்தில் வெட்டியது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக அதில் வந்து நிறைகிறது. தண்ணீர் இருந்தது, அது தீர்த்தாம்பாளையத்துக்கு வருவதற்கு வழிதான் இல்லை. அம்மையார் முயற்சி எடுத்து, வீராணம் கால்வாயிலிருந்து ஒரு கிளை வாய்க்கால் வெட்டச் செய்தார். ஊர் மக்கள் அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்று பெயர் வைத்தார்கள்.

விற்ற வீட்டையும் நிலத்தையும் பதவியைக் கொண்டு அவர் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் சிதம்பரம் பக்கத்திலுள்ள சி. முட்லூரில் மூத்த மகனுடன் தங்கி விவசாயம் பார்த்துவந்தார். 1961ஆம் ஆண்டு அங்கே காலமானார். அஞ்சலை வாய்க்கால் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.