பஞ்ச் குணாளன்: இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒரு மலேசியத் தமிழர்

1974 ஜனவரி இறுதி. புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும், 1964 ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த 1,50,000 மலையகத் தமிழரை நாட்டுக்கு 75,000 பேர் என்று பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டார்கள். அதே நாட்களில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் பொதுநலவாய விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. அங்கே பட்மின்டனில் ஒரு தமிழர் மலேசியாவுக்காக ஒற்றையரில் தங்கம் வென்றார். அவர் பஞ்சாட்சரம் குணாளன். பெயரின் முற்பகுதி சுருங்கி, உலகம் முழுக்க அவர் 'பஞ்ச்' குணாளன் ஆனார்.

1944 பெப்ரவரியில் பிறந்த குணாளன், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகரான சிரம்பானைச் சேர்ந்தவர். மலாயாத் தமிழரின் கதை மலையகத்துக்கு அந்நியமானதல்ல. அதே பேரரசு, அதே தமிழ்நாட்டுக் கிராமங்கள், அதே கங்காணிகள். அங்கே ரப்பர், இங்கே கோப்பியும் தேயிலையும். சுதந்திரம் வந்தபோதுதான் பாதை பிரிந்தது. மலாயாவில் தமிழர் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. இங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது.

குணாளனின் பெயர் அதிகம் பேசப்படுவது இரட்டையர் ஆட்டத்தில்தான். ஒருவர் வலையருகே நிற்க, மற்றவர் பின்னாலிருந்து அடிப்பார். அடுத்த கணம் இடம் மாறும். திரும்பிப் பார்க்க நேரமில்லை. பின்னால் இருப்பவர் அங்கே இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஆட வேண்டும். குணாளனுக்கு வாய்த்த ஜோடி இங் பூன் பீ. தான் யீ கானுடன் சேர்ந்து 1965, 1966இல் ஓல் இங்லண்ட் பட்டத்தை வென்றிருந்த சீன வம்சாவளி வீரர் அவர். குணாளனை விட ஆறு வயது மூத்தவர்.

இந்த ஜோடி உச்சத்துக்கு வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் வெடித்தது. அரசாங்கக் கணக்கின்படியே 196 பேர் இறந்தார்கள். குடியுரிமை பெறாத தோட்டத் தமிழர் பலர் வேலை அனுமதி இல்லாமல் இந்தியா திரும்ப நேர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

அடுத்த ஆண்டு, 1970இல், ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் குணாளனும் இங் பூன் பீயும் தங்கம் வென்றார்கள். எடின்பரோவில் ஹோலிரூட் என்றால் அரண்மனை. வட்டகொடைக்குப் பக்கத்தில் தலவாக்கலையில் ஹோலிரூட் என்றால் தேயிலைத் தோட்டம். அதே ஆண்டு பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் குணாளனுக்குத் தங்கம் கிடைத்தது.

1971இல் ஓல் இங்லண்ட் இறுதியாட்டம். எதிரே இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோ, இந்திரா குணவான் ஜோடி. 15–5, 15–3 என்று ஆட்டம் முடிந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பட்மின்டன் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது இந்த ஜோடி இறுதிவரை சென்று, மூன்று செட் ஆடி, இந்தோனேசியாவின் அடே சந்திரா, கிறிஸ்டியன் ஹாடினாதா ஜோடியிடம் தோற்றது.

1974 கிறைஸ்ட்சேர்ச்சில் அவருக்கு ஜோடியாக நின்றவர் டொமினிக் சூங். சில வாரங்களில் ஓல் இங்லண்ட் ஒற்றையர் இறுதியில் ஹார்த்தோனோவைச் சந்தித்தார். முப்பது வயதில் முதல் செட்டைக் கைப்பற்றி, அடுத்த இரண்டையும் இழந்தார். ஹார்த்தோனோவுக்கு அது தொடர்ச்சியான ஏழாவது பட்டம். எளிதில் விட்டுக்கொடுக்காத ஆட்டக்காரர் என்று குணாளன் பெயரெடுத்ததற்கு இத்தகைய ஆட்டங்களே காரணம்.

ராக்கெட்டைக் கீழே வைத்த பின்பும் அவர் விளையாட்டை விட்டு விலகவில்லை. நிர்வாகத்துக்குள் நுழைந்து உலக பட்மின்டன் சம்மேளனத்தின் பிரதித் தலைவர் வரை உயர்ந்தார். 2006இல் நடைமுறைக்கு வந்த 21 புள்ளி முறையைக் கொண்டுவர முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். முன்பு சேர்வ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். இப்போது ஒவ்வொரு அடிதடிக்கும் யாராவது ஒருவருக்குப் புள்ளி உண்டு. நிர்வாகத்தில் அவருக்குப் பகையும் இருந்தது. சம்மேளனத் தலைமையுடன் ஏற்பட்ட மோதல் பகிரங்கமாகவே நடந்தது. 2012 ஆகஸ்ட் 15 அன்று, 68ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார்.

அவர் வாழ்க்கையை மலையகத்திலிருந்து வாசிக்கும்போது திறமை மட்டும் கண்ணில் படுவதில்லை. நாட்டின் ஜேர்சியை அணிய முதலில் நாடு வேண்டும். அவர் தங்கங்களை வென்ற அதே பத்தாண்டில், அவருடைய வயதொத்த மலையக இளைஞர்கள் வட்டகொடை போன்ற நிலையங்களில் ரயிலேறித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனார்கள். போகாமல் தங்கியவர்களில் பலர் 1977க்கும் 1983க்கும் பிறகு வன்னிக்கு ஓடி, அங்கே போரையும் சந்தித்தார்கள். அவர்களில் நல்ல கால்களும் வேகமான மணிக்கட்டும் உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எந்தப் பட்டியலும் எழுதி வைக்கவில்லை.